தப்பிப் பிழைத்த நான்கு

போன வாரம் எங்கள் வீட்டு மொட்டை மாடியில் ஒரு விவாதம். விஷயம் பெரிது ஒன்றுமில்லை, மெத்தைதான். நாலு நாள் விடாமல் கொட்டிய மழை ஒருவழியாக ஓய்ந்து வெயில் தலைகாட்டியதும், எங்கள் அத்தை வீட்டிலுள்ள மெத்தை, தலையணை, ஜமக்காளம் எல்லாவற்றையும் மாடிக்கு ஏற்றிவிட்டாள். வெயிலில் போட்டால் கிருமி எல்லாம் செத்துப்போகும் என்பது அவளுடைய சித்தாந்தம். பக்கத்து மாடியிலிருந்து எட்டிப் பார்த்த காலேஜ் பெண் சும்மா இருக்கக் கூடாதா?

"எல்லாமே செத்துப்போகுமா மாமி? ஒன்றிரண்டு தப்பித்துக்கொண்டால்?" என்று கேட்டுவிட்டாள்.

அத்தை அசரவில்லை. "தப்பித்தால் என்னடி, நாளைக்கும் வெயில் வராமலா போகும்?" என்றாள்.

நான் சிரித்துவிட்டேன். ஆனால் அந்தப் பெண் கேட்ட கேள்வி மட்டும் மனத்தை விட்டுப் போகவில்லை. ஏனென்றால், சகோதரிகளே, ஏறக்குறைய அதே கேள்வியை 1944-ஆம் வருஷத்துக் கோடையில், இருபத்துமூன்று வயதுப் பெண் ஒருத்தி கேட்டாள். கேட்டதோடு நிற்கவில்லை. அடுத்த நாற்பத்தேழு வருஷம், கல்யாணம், இரண்டு குழந்தைகள், மூன்று உத்தியோகங்கள் இவற்றுக்கு நடுவே, அந்த ஒரு கேள்வியின் வாலைப் பிடித்துக்கொண்டே போனாள்.

அவள் பெயர் ஈவ்லின். 1921 மார்ச் 9-ஆம் தேதி நியூயார்க்கில் பிறந்தவள். பிறந்த வீட்டுப் பெயர் மைஸல். ஹெர்மன் விட்கின் என்ற மனோதத்துவ ஆராய்ச்சியாளரைக் கல்யாணம் செய்துகொண்டு ஈவ்லின் விட்கின் ஆனாள். விஞ்ஞான உலகம் அறிந்த பெயர் அதுதான்.

அவளைப் பரிசோதனைச் சாலைக்குள் அழைத்துப் போவதற்கு முன்னால், காலேஜில் அவள் போய் மாட்டிக்கொண்ட ஒரு தகராறைச் சொல்லியாக வேண்டும். நியூயார்க் யூனிவர்ஸிடியில் அவள் படித்துக்கொண்டிருந்த சமயம். 1940-ல் அந்த யூனிவர்ஸிடியின் கால்பந்துக் கோஷ்டி மிஸூரிக்குப் போய் ஆடவேண்டியிருந்தது. கோஷ்டியில் லியனார்ட் பேட்ஸ் என்று ஒரு கறுப்பு இன வாலிபர் இருந்தார். கறுப்பர் இருந்தால் மிஸூரிக்காரர்கள் ஆடமாட்டார்கள். நியூயார்க் நிர்வாகமோ, வம்பு எதற்கு என்று, பேட்ஸை விட்டுவிட்டுப் போகச் சம்மதித்துவிட்டது. மாணவர்கள் கொதித்தெழுந்தார்கள். 'பேட்ஸ் ஆடியே தீரவேண்டும்' என்று கோஷம் போட்டார்கள். மகஜரில் கையெழுத்து வாங்கினார்கள். கடைசியில் 1941-ல் ஏழு மாணவர்களை மூன்று மாதத்துக்கு விலக்கி வைத்தார்கள். அந்த ஏழு பேரில் ஈவ்லினும் ஒருத்தி.

பரீட்சைக்கு முன் மூன்று மாதம் என்றால் என்ன அர்த்தம் என்று பெண்களைப் படிக்க வைத்தவர்களுக்குத் தெரியும். வெயிற்காலத்தில் வாங்கவேண்டிய பட்டம் இலையுதிர் காலத்துக்குத் தள்ளிப்போயிற்று. அங்கேயே மேல்படிப்புக்கு இருக்கலாம் என்று வைத்திருந்த திட்டமும் போயிற்று. ஈவ்லின் அதே ஊரிலுள்ள கொலம்பியா யூனிவர்ஸிடிக்குப் போனாள். (அறுபது வருஷம் கழித்து, 2001-ல், அதே நியூயார்க் யூனிவர்ஸிடி அந்த ஏழு பேரையும் கௌரவித்தது. கொஞ்சம் நிதானமான யூனிவர்ஸிடி!)

கொலம்பியாவில் அவளுக்கு வாய்த்த ஆசிரியர் தியோடோஸியஸ் டோப்ஷான்ஸ்கி. பழுத்த வாழைப்பழத்தைச் சுற்றிக் குட்டி ஈக்கள் மொய்க்குமே, அவற்றை வைத்துப் பாரம்பரிய விதிகளை ஆராய்ந்தவர். அவரிடம் இருந்தால் ஈவ்லினும் ஈ வளர்த்திருக்க வேண்டியதுதான். ஆனால் 1943-ல் லூரியா, டெல்ப்ரூக் என்ற இருவர் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். பாக்டீரியாவிலும் நம்மைப்போலவே பாரம்பரியத்தில் திடீர் மாற்றங்கள் ஏற்படுகின்றன என்பதற்கு அதில் ருசு இருந்தது. அதுவரை, பாக்டீரியாவுக்கு ஜீன் என்று ஒன்று உண்டா என்பதே பலருக்குச் சந்தேகம். ஒரு ஈ வளர்ந்து குஞ்சு பொரிக்கப் பத்து நாள் வேண்டும். ஒரு பாக்டீரியா இருபது நிமிஷத்தில் இரண்டாகிவிடும். ராத்திரி உறை ஊற்றிய ஒரு கரண்டி மோர் காலையில் ஒரு பாத்திரம் தயிராகிறது என்றால், அந்தப் பெருக்கத்தின் கணக்கைப் பார்த்துக்கொள்ளுங்கள். கட்டுரையைப் படித்த ஈவ்லினின் மனம் ஈயை விட்டுப் பாக்டீரியாவுக்குத் தாவிற்று.

நியூயார்க்குக்குச் சமீபத்தில் லாங் ஐலண்டில் கடல் உள்வாங்கிய ஒரு கரையோரத்தில் கோல்ட் ஸ்பிரிங் ஹார்பர் என்ற ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. 1944 கோடை விடுமுறையில் அவளை அங்கே அனுப்பிவைத்தார் டோப்ஷான்ஸ்கி. அங்கே தலைவராக இருந்த டெமெரெக் அவளுக்கு ஒரு வேலை கொடுத்தார்: பாக்டீரியாவில் திடீர் மாற்றங்களை உண்டாக்கிப் பார்க்க வேண்டும்.

ஈவ்லின் அதற்கு முன் பாக்டீரியாவைத் தொட்டதுகூட இல்லை. இதைக் கவனியுங்கள். புது மருமகள் முதல் நாள் சமையலறையில் நுழைந்த கதைதான்.

குடலில் குடியிருக்கும் ஈ. கோலி என்ற பாக்டீரியாவை எடுத்துக்கொண்டாள். கடற்பாசியிலிருந்து எடுக்கும் அகாரை, நாம் புட்டிங்குக்குப் போடும் சைனா கிராஸேதான், காய்ச்சி ஊற்றி உறையவைத்த கண்ணாடித் தட்டில் பாக்டீரியாவைப் பரப்பினாள். மேலே கிருமி கொல்லும் புற ஊதா விளக்கு. எவ்வளவு நேரம் காட்டவேண்டும் என்பதில் கை பழகாததால், அளவு மிஞ்சிவிட்டது. மறுநாள் பார்த்தால் தட்டு வெறிச்சென்று கிடக்கிறது. கோடிக்கணக்கில் இருந்தவை மாண்டுபோயின.

வெறும் தட்டு அல்ல. நாலே நாலு புள்ளிகள் வளர்ந்திருந்தன.

உப்பு அதிகமான சாம்பாரைக் கொட்டிவிட்டு மறுபடி வைக்கிற மாதிரி, அந்தத் தட்டைக் கழுவிவிட்டுக் குறைந்த அளவில் மறுபடி ஆரம்பித்திருக்கலாம். பெரும்பாலோர் அதைத்தான் செய்திருப்பார்கள். நான் நிச்சயம் செய்திருப்பேன். ஈவ்லின் அந்த நாலு புள்ளிகளை எடுத்துத் தனியே வளர்த்து, மறுபடி அதே விளக்குக்கு அடியில் காட்டினாள். அவை மற்றவற்றைக் காட்டிலும் நன்றாகத் தாங்கின. அவற்றின் சந்ததியும் தாங்கிற்று. முதல் பரிசோதனை! அதில் கிடைத்த வம்சத்துக்கு பி-பை-ஆர் என்று பெயர் வைத்தார்கள். பிற்காலத்தில் எத்தனையோ பரிசோதனைச் சாலைகளில் அந்த வம்சம் வளர்ந்தது.

சரி, அந்த நான்கும் விளக்கு வெளிச்சம் பட்டதனால் வைரம் பாய்ந்தவையா, அல்லது வெளிச்சம் படுமுன்பே அப்படியிருந்தவையா? லூரியாவும் டெல்ப்ரூக்கும் காட்டிய முறையிலேயே இதையும் சோதித்தாள். விளக்குக்கு இதில் சம்பந்தமில்லை. கூட்டத்தில் எப்போதோ தானாக மாறிப்போய் ஒதுங்கியிருந்த சில பாக்டீரியாக்களின் சந்ததிதான் அவை என்று தெரிந்தது. இந்த ஆராய்ச்சிக்காக 1947-ல் கொலம்பியா அவளுக்கு டாக்டர் பட்டம் கொடுத்தது. ஆகையால் இனிமேல் 'ள்' போட்டு எழுதுவது மரியாதையில்லை, 'ர்' போட்டுக்கொள்கிறேன்.

ஏன் தப்பின என்பது மட்டும் அவருக்குப் புரியவில்லை. ஆனால் மைக்ராஸ்கோப்பில் ஒரு வேடிக்கையைப் பார்த்திருந்தார். சாதாரண ஈ. கோலியின் மேல் புற ஊதாக் கதிர் பட்டால், அவை உடனே சாவதில்லை. வளர்கின்றன, ஆனால் இரண்டாகப் பிரிவதில்லை. வளர்ந்து வளர்ந்து நீளமாகப் பாம்பு மாதிரி ஆகிவிடுகின்றன. அப்புறம்தான் சாவு. தப்பிய வம்சமோ கொஞ்ச நேரம் தயங்கிவிட்டு வழக்கம்போல் பிரிய ஆரம்பித்துவிடுகிறது. இந்தப் பாம்புகளை ஈவ்லின் அம்மையார் மறக்கவேயில்லை. அவற்றின் அர்த்தம் புரிய இருபது வருஷத்துக்கு மேல் ஆயிற்று.

அந்த இருபது வருஷத்தில் வீடு என்று ஒன்று இருந்தது. 1949-ல் மூத்த பிள்ளை ஜோஸப் பிறந்தான். 1952-ல் இளையவன் ஆண்ட்ரூ. அந்தக் காலத்து அமெரிக்காவிலும் குழந்தை பிறந்தால் தாயார் உத்தியோகத்துக்கு முழுக்குப் போடுவதுதான் பெருவழக்கம். கோல்ட் ஸ்பிரிங் ஹார்பரில் அவர் வேலை பார்த்த கார்னகி ஸ்தாபனத்தில் அம்மையாரைப் பாதி நேரம் வந்தால் போதும் என்று வைத்துக்கொண்டார்கள். இதற்காக அந்த ஸ்தாபனத்துக்கு நான் ஒரு நமஸ்காரம் போடுகிறேன். பாதிச் சம்பளத்தில் அவர்களுக்குக் கிடைத்தது பாதி மூளை அல்ல.

இன்னொன்றும் எனக்குத் தோன்றுகிறது. பாக்டீரியாவுக்கும் இல்லத்தரசிக்கும் ஒரு பொருத்தம் உண்டு. தட்டைச் சாயங்காலம் வெதுவெதுப்பான பெட்டியில் வைத்துவிட்டு வீட்டுக்குப் போகலாம். விடியற்காலையில் புள்ளிகள் தயாராயிருக்கும். இட்லி மாவு கரைத்து வைக்கிற கணக்குத்தான். உட்கார்ந்து காவல் காக்க வேண்டியதில்லை. அந்தப் பாதி நாளில் யோசிக்கலாம், தொட்டிலையும் ஆட்டலாம்.

அதே நிலையத்தில் பார்பரா மக்ளின்டாக் என்று ஒரு பெண்மணி மக்காச்சோளத்தை ஆராய்ந்துகொண்டிருந்தார். ஜீன்கள் இடம் விட்டு இடம் தாவுகின்றன என்று அவர் சொன்னபோது கேட்டவர்கள் பலர் விழித்தார்கள். ஈவ்லின் அம்மையார், மக்ளின்டாக் காட்டக் காட்ட அந்தச் சோளமணிகளைப் பார்த்துப் புரிந்துகொண்ட வெகு சிலரில் ஒருவர். மக்ளின்டாக்குக்கு நோபல் பரிசு வந்தது 1983-ல். எண்பத்தொரு வயதில்! இந்தப் பெண்களுக்கு எல்லாமே தாமதமாகத்தான் வருகிறது.

புற ஊதாக் கதிர் அப்படி என்னதான் செய்கிறது? உங்கள் பாட்டியின் சமையல் குறிப்பு நோட்டை நினைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு செல்லுக்குள்ளும் அப்படி ஒரு நோட்டு இருக்கிறது, அதற்குத்தான் டி.என்.ஏ. என்று பெயர். நாலே எழுத்துக்களில் எழுதப்பட்டது. செல் இரண்டாகும்போதெல்லாம் நோட்டை ஒரு பிரதி எடுத்தாக வேண்டும். புற ஊதாக் கதிர் பட்டால், பக்கத்துப் பக்கத்தில் நிற்கிற இரண்டு எழுத்துக்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்கின்றன. எண்ணெய்க் கை பட்டு இரண்டு எழுத்து ஈஷிக்கொண்ட மாதிரி. பிரதி எடுக்கிறவன் அந்த இடத்துக்கு வந்ததும் திகைத்து நின்றுவிடுகிறான். பாக்டீரியாவுக்கு மட்டும் என்று நினைக்க வேண்டாம். மாடியில் மெத்தை காயப்போடும் நேரத்தில் நம் தோலிலும் இதுதான் நடக்கிறது.

செல் இதற்குக் கைவசம் வைத்தியம் வைத்திருக்கிறது. 1949-ல் அதே கோல்ட் ஸ்பிரிங் ஹார்பரில் ஆல்பர்ட் கெல்னர் என்பவர் ஓர் அதிசயத்தைக் கண்டார்: புற ஊதாக் கதிரால் செத்ததுபோல் கிடந்த நுண்ணுயிர்கள், சாதாரண வெளிச்சத்தில் வைத்தால் பிழைத்துக்கொண்டன. ஒட்டிய எழுத்துக்களை வெளிச்சத்தின் துணையால் பிரித்துவிடும் ஏற்பாடு ஒன்று அவற்றுக்குள் இருந்தது. 1964-ல் இன்னொரு வழி வெளிப்பட்டது. கெட்டுப்போன துண்டைக் கத்தரித்து எறிந்துவிட்டு, எதிர்ப்பக்கத்து இழையைப் பார்த்துப் புதுத்துண்டு நெய்து ஒட்டுப்போடுவது. இழை ஓட்டிப் பட்டுப் புடவையைச் சரிசெய்கிற கைகாரர்களைப் பார்த்திருப்பீர்கள், அதே வேலை.

1955-லிருந்து புரூக்ளினில் ஒரு மருத்துவக் கல்லூரியில் வேலை பார்த்துவந்த ஈவ்லின் அம்மையார், 1967-ல்தான் தம்முடைய பழைய பாம்புகளுக்குத் திரும்பி வந்தார். சில வைரஸ்கள் பாக்டீரியாவுக்குள் புகுந்து, அதன் டி.என்.ஏ.யோடு கலந்து, பரம சாதுவாக உறங்கிக்கொண்டிருக்கும். புற ஊதாக் கதிர் பட்டால் விழித்துக்கொண்டு, குடியிருந்த வீட்டையே இடித்துக்கொண்டு வெளியேறும். இதைப் பாரிஸில் லுவோஃப் என்பவர் 1950-லேயே கண்டிருந்தார். வைரஸ் விழிப்பது ஒரு சங்கதி; பாக்டீரியா பாம்பாக நீள்வது இன்னொரு சங்கதி. யாரும் இரண்டையும் முடிச்சுப் போடவில்லை. அம்மையார் போட்டார். இரண்டும் ஒரே மாதிரி சந்தர்ப்பங்களில் நிகழ்கின்றன; ஆகவே இரண்டையும் அடக்கி வைத்திருக்கும் பூட்டுக்கள் ஒரே மாதிரியானவை; டி.என்.ஏ.க்குச் சேதம் என்றால் அந்தப் பூட்டுக்களெல்லாம் ஒன்றாகத் திறக்கின்றன என்று எழுதினார்.

குரோஷியாவில் பிறந்த மிரோஸ்லாவ் ராட்மன் என்ற வாலிப விஞ்ஞானி இந்த யோசனையை மேலும் விரித்து, 'எஸ்.ஓ.எஸ்.' என்று பெயர் வைத்தார். மூழ்கும் கப்பல் எழுப்பும் அபயக் குரல் அது. 1976-ல் அம்மையார் எழுதிய நீண்ட கட்டுரையில் இந்த ஏற்பாடு முழு உருவம் பெற்றது. பூட்டின் பெயர் லெக்ஸ்-ஏ; அபாயத்தை மோப்பம் பிடிப்பது ரெக்-ஏ. இரண்டும் புரதங்கள். பிரதி எடுப்பது தடைப்பட்டு டி.என்.ஏ. ஒற்றை இழையாக அம்பலமானால் ரெக்-ஏ அதன்மேல் வரிசையாய்ப் படிகிறது. உடனே லெக்ஸ்-ஏ தன்னைத்தானே வெட்டிக்கொள்கிறது. அது அமுக்கி வைத்திருந்த நாற்பதுக்கு மேற்பட்ட ஜீன்கள் ஒருமிக்க எழுந்துகொள்கின்றன. தீப்பிடித்த வீட்டில் ஒருவன் வாளியைத் தூக்க, ஒருவன் குழந்தையைத் தூக்க, ஒருவன் வாசலை மறித்து நிற்பான் அல்லவா? ஒரு ஜீன், வீடு அணையும்வரை செல் இரண்டாகப் பிரியக் கூடாது என்று தடை போடுகிறது. பாம்பு உண்டாவது அதனால்தான்!

தப்பிய நான்கின் ரகசியமும் பல வருஷங்களுக்குப் பின் இதிலேயே அகப்பட்டது. ஈவ்லின் முதலில் கையில் எடுத்த பாக்டீரியா வம்சத்தில் ஒரு குறை: ஆபத்து நீங்கிய பிறகும் அந்தத் தடையை அகற்றத் தெரியாது. பழுதெல்லாம் பார்த்து முடிந்த பிறகும் பாம்பாகவே நீண்டு செத்தது. தப்பிய வம்சத்திலோ, தடை போடும் ஜீனே பழுது. எத்தனையோ வருஷம் அபூர்வ சக்தி என்று நினைத்தது, ஒரு குறைக்கு எதிராக விழுந்த இன்னொரு குறை!

எனக்கு இவற்றையெல்லாம்விடப் பிடித்தது வேறொன்று. புற ஊதாக் கதிர் பட்டால் ஜீன்களில் மாற்றம் உண்டாகிறது. ஆகவே கதிர்தான் நோட்டில் தப்பெழுதுகிறது என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். எஸ்.ஓ.எஸ். கிளம்ப முடியாத பாக்டீரியாக்களை அம்மையார் விளக்குக்கு அடியில் வைத்தார். அவை கொத்துக்கொத்தாகச் செத்தன. ஆனால் பிழைத்தவற்றில் கதிரால் வரவேண்டிய மாற்றங்கள் காணோம். ஆகவே கதிர் சேதம்தான் செய்கிறது. தப்பை எழுதுவது செல்லேதான். ஒட்டுப்போட நேரமில்லை, பிரதி எடுப்பவன் நின்றுவிட்டான், நின்றால் சாவு என்ற கட்டத்தில், செல் ஓர் அவசர ஆளைக் கூப்பிடுகிறது. அவன் எழுத்து புரியாத இடத்தில் ஏதோ ஓர் எழுத்தைப் போட்டு மேலே எழுதிக்கொண்டு போய்விடுவான். நோட்டில் பிழை விழுகிறது, உயிர் தப்புகிறது. அந்த அவசர எழுத்தன் எந்தப் புரதம் என்பது 1990-களின் கடைசியில்தான் கையும் களவுமாகப் பிடிபட்டது. சில மருந்துகள் கிருமியின் டி.என்.ஏ.யைத் தாக்கும்போதும் இதே ஆள் எழுந்து வருகிறான். அந்த மருந்துக்கே அசையாத புதுக் கிருமிகள் தோன்ற அவனும் கைகொடுக்கிறான் என்று ஆராய்ச்சிகள் காட்டியிருக்கின்றன.

மனிதர்களிடம் இருப்பது வேறு ஏற்பாடு; ஆனால் சேதத்தை மோப்பம் பிடித்துப் பல ஜீன்களையும் புரதங்களையும் உஷார்ப்படுத்தும் காரியம் நம்மிடமும் உண்டு. சில குழந்தைகள் வெயிலில் சற்றுப் போனாலே தோல் வெந்து, சின்ன வயதிலேயே புற்றுநோய்க்கு ஆளாகின்றன. கத்தரித்து ஒட்டுப்போடும் வேலை அவர்களுடைய செல்களில் நடப்பதில்லை என்று ஜேம்ஸ் கிளீவர் 1968-ல் கண்டுபிடித்தார். அந்தத் தாய்மார்களுக்கு வெயில் என்பதே சத்துரு. பாக்டீரியாவைப் பற்றி ஆராய்ந்து என்ன லாபம் என்று கேட்பவர்களுக்கு இதை மட்டும் சொல்லி நிறுத்திக்கொள்கிறேன்.

1971-ல் ரட்கர்ஸ் யூனிவர்ஸிடிக்குப் போன அம்மையாருக்கு 1979-ல் கிடைத்த பதவியின் பெயரே 'பார்பரா மக்ளின்டாக் பேராசிரியர்' என்பது. சந்தோஷப்பட்டிருக்க வேண்டிய அதே வருஷம் கணவர் காலமானார். 1991-ல் ஓய்வு. பிள்ளைகளில் ஜோஸப் சிறிது காலம் பிரபலமான ஒரு பாட்டுக் கோஷ்டியில் இருந்துவிட்டு டாக்டரானார். கம்ப்யூட்டரில் சித்திரங்களை அசையவைக்கும் வித்தையில் பேரெடுத்த ஆண்ட்ரூ, 2010-ல் கடலில் மூழ்கி நீந்தும்போது இறந்துபோனார். அம்மையாருக்கு அப்போது எண்பத்தொன்பது வயது. இதற்கு மேல் அதைப்பற்றி எழுத எனக்குக் கை ஓடவில்லை.

2015-ல், தொண்ணூற்றுநான்காவது வயதில், அமெரிக்காவின் மிகப் பெரிய மருத்துவ கௌரவங்களில் ஒன்றான லாஸ்கர் பரிசு, ஸ்டீபன் எலெட்ஜ் என்பவரோடு சேர்த்து அவருக்குக் கிடைத்தது. அதே ஆண்டு ரசாயனத்துக்கான நோபல் பரிசு டி.என்.ஏ. பழுதுபார்ப்பதை ஆராய்ந்த மூவருக்குப் போயிற்று. அதில் அம்மையார் பெயர் இல்லை. எனக்குக் கொஞ்சம் ஆதங்கம்தான். 2023 ஜூலை 8-ஆம் தேதி, நூற்றிரண்டு வயது நிறைந்து, அவர் காலமானார்.

மறுநாள் காலை இந்தக் கதையை அத்தையிடம் சொன்னேன். முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டே கேட்டாள். நாலு புள்ளி வந்த இடத்தில் மட்டும் கை நின்றது.

"அவள் தட்டைக் கழுவாமல் விட்டாளே, அதைச் சொல்லு" என்றாள். பிறகு எழுந்துபோய், "வெயில் ஏறிவிட்டது, மெத்தையைத் தூக்கு" என்றாள்.